ஸ்கோர் என்ன, தம்பி?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. ஐந்து வருடமாக பெங்களூரில் மென்பொருள் வேலை. பள்ளியில் மாவட்ட அளவு வரைக்கும் கால்பந்து ஆடியவன். இப்போது வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருடம் உலகம் சுற்றி, நொந்துபோன ஊர்களுக்குக் கால்பந்து எப்படி நம்பிக்கை தருகிறது என்று ஒரு ஆவணப்படம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். நைரோபியின் மதாரே சேரி, கடலுக்குள் மிதக்கும் மைதானம் கட்டிய தாய்லாந்தின் கோ பன்யீ, போரில் கால் இழந்தவர்கள் ஊன்றுகோலோடு ஆடும் சியரா லியோன், கால்பந்து வீரர் ட்ரோக்பா மண்டியிட்டு உள்நாட்டுப் போரை நிறுத்திய ஐவரி கோஸ்ட் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். சேமிப்பு ஒன்பது லட்சம் இருக்கிறது. 'நம்பிக்கையின் பந்து' என்று தலைப்பு வைத்திருக்கிறேன்.

வேலையை விடலாமா? அப்பா விவசாயி, பதினைந்து மா நிலம். இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? கால்பந்து ஒரு சமூகத்தை மாற்றும் என்று நீங்கள் உண்மையிலேயே நம்புகிறீர்களா?

பெயர் போட வேண்டாம்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கொரடாச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வழுக்கை, கண்ணாடி, சர்க்கரை வியாதிக்காரர் போல பாயசத்தைத் தள்ளி வைத்திருந்தார். ரசம் வருகிற நேரத்தில் சொன்னார்: "அந்த மேட்ச் இன்னும் முடியலை, தெரியுமில்ல?" எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சாப்பாடு இறங்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். அதனால்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன், இல்லையென்றால் இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

வேலையை விடுவது உங்கள் பாடு. காசும் உங்களுடையது. "உள்ளூரில் இல்லாததா, இங்கேயே எடு" என்று சொல்வேன் என எதிர்பார்த்திருந்தால், சொல்லமாட்டேன். போங்கள். டெல்டாவில் யார்தான் ஊரைவிட்டுப் போகவில்லை? அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை பக்கம் சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கப் போனவர், அனுப்பிய காசில் வாங்கிய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு எழுவர் கால்பந்து ஆடும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவன் வெளியே போனால்தான் இன்னொருவன் உள்ளே ஆட முடிகிறது என்பதெல்லாம் நமக்குப் பழகிய கணக்கு. தலைப்பு மட்டும் கண்றாவி. மாற்றுங்கள்.

இப்போது எனக்குச் சண்டை போட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்கிற வகைப் படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தூசி பறக்கும். பின்னால் சூரியன் இறங்கும். வெறுங்கால்கள் மெதுவாக ஓடும், அடியில் ஒரு பியானோ. பல் விழுந்த ஒரு பையன் கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். அப்புறம் யாராவது ஒரு பெரிய மனிதர் வந்து, கால்பந்து வெறும் விளையாட்டு இல்லை என்பார். சரி. அன்றைக்கு மேட்சில் யார் ஜெயித்தது? எந்தப் படமாவது சொல்லியிருக்கிறதா? ஸ்கோர் என்ன? அந்தப் பல் விழுந்த பையன் எந்த டீம்? கோல் போட்டானா, கோட்டைவிட்டானா? அவன் அன்றைக்கு ராத்திரி தூங்கும்போது நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தானே தம்பி, உங்கள் நம்பிக்கையையா நினைத்துக்கொண்டிருந்தான்?

இது சின்ன விஷயம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு இதுதான் மொத்த விஷயமும். லண்டனிலோ மாட்ரிட்டிலோ நடக்கிற ஒரு மேட்சைப் பற்றி ஸ்கோர் சொல்லாமல் யாராவது படம் எடுப்பார்களா? அடிக்க வருவார்கள். ஏழை ஊரில் எடுத்தால் மட்டும் ஸ்கோர் தேவைப்படாது, ஏனென்றால் அங்கே ஆடுவது ஆட்டமில்லை, சிகிச்சை. பந்து ஒரு மாத்திரை. ஆடுகிறவன் நோயாளி. நோயாளியிடம் போய் எத்தனை கோல் என்று யார் கேட்பார்கள்!

எங்கள் ஊர் பாண்டவையாற்றங்கரை. உங்களுக்குத் தெரியும், சம்பா அறுத்துவிட்டால் வயல் காலி என்று வெளியூர்க்காரன் நினைப்பான், ஆனால் கதிர் நிற்கும்போதே அடியில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அதில் கால் வைத்தால் காலை உடைப்பார்கள். எங்களுக்கு மைதானம் ஆறுதான். மாசியில் தண்ணீர் வற்றி மணல் தெரிந்தால் ஆரம்பிப்போம், மேட்டூர்த் தண்ணீர் வருகிற வரைக்கும். மணலில் பந்து எழும்பாது, கால் புதையும், கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர். அதற்குள் பந்து போனால் பாம்புக்குப் பயந்து யாரும் இறங்கமாட்டார்கள். தோல் பந்து, உள்ளே பிளாடர். பஞ்சரானால் சைக்கிள் கடையில் கொடுத்து ஒட்டுவோம். ஒட்டு ஏற ஏறப் பந்து ஒரு பக்கமாகக் கனத்துப்போய், நேராக உதைத்தால் இடதுபக்கம் போகும். எங்கள் டீமுக்கு அது பழகியிருந்தது, எதிர் டீமுக்குப் பழகவில்லை. அதுவே எங்கள் பலம். நான் பேக் ஆடினேன், மோசமாக.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறப்பது வழக்கம், தண்ணீர் இல்லாத வருடங்களில் தள்ளிப்போகும். திறந்தாலும் கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, கடைமடைக்கு வர இன்னும் எத்தனையோ நாளாகும். டெல்டா முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டு நிற்கிற நாட்கள் அவை. நாங்கள் ஒரு பதினைந்து பையன்கள் மட்டும், இன்னும் ஒரு வாரம் கழித்து வரட்டும் பிள்ளையாரே என்று வேண்டிக்கொண்டிருப்போம். தேங்காய்கூட நேர்ந்திருக்கிறோம். அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் தோலை உரித்திருப்பார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அக்கரை ஊரோடு கடைசி மேட்ச். பாதி ஆட்டத்தில் மேற்கேயிருந்து ஒருவன் சைக்கிளில் கரையோரமாகவே கத்திக்கொண்டு வந்தான். பார்த்தால், வந்துவிட்டது. முதல் தண்ணீரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அலையாக வராது, ஒரு பழுப்பு நாக்கு போல, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, மணலில் உறிஞ்சி நின்று, பிறகு ஓரடி முன்னால் வந்து, கொடுக்காப்புளித் தோலும் பீடித்துண்டும் சுமந்துகொண்டு வரும். கரையில் பெண்கள் சூடம் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஒரு பாட்டி மணலில் விழுந்து கும்பிட்டாள். நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். தண்ணீர் கோல் மூங்கிலைத் தொடுகிற வரைக்கும் ஆடினோம். பந்தல்காரரிடம் கடன் வாங்கிய மூங்கில், அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கோர் 3-2, நாங்கள் முன்னால்.

கல்யாணத்தில் என் பக்கத்து இலை, அக்கரை ஊர்க் கோல்கீப்பர். 2-2 என்கிறார். மூன்றாவது கோல் அடிக்கும்போது தண்ணீர் வந்துவிட்டதாம், ஆட்டம் நின்றுவிட்டதாம். எவ்வளவு பெரிய பொய்! நாற்பது வருடத்துக்கு மேல் அந்த ஆள் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். ட்ரோக்பா போரை நிறுத்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே படித்தீர்கள்? 2005 அக்டோபர் 8, சூடானில் ஐவரி கோஸ்ட் 3-1 என்று ஜெயித்தது. அது மட்டும் போதாது. அதே நேரத்தில் யவுண்டேயில் கேமரூன் எகிப்தை ஜெயித்திருந்தால் உலகக் கோப்பைக்குக் கேமரூன்தான் போயிருக்கும். அங்கே 1-1. கடைசி நிமிடங்களுக்கும் அப்பால், கேமரூனுக்கு ஒரு பெனால்டி. பியர் வோமே என்கிறவர் அடித்தார். கம்பத்தில் பட்டு வெளியே போனது. அதனால்தான் ட்ரோக்பாவும் மற்றவர்களும் உடைமாற்றும் அறையில் மைக்கைப் பிடித்து, மண்டியிட்டு, ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்று நாட்டைக் கேட்க முடிந்தது. நல்ல காரியம், எனக்கும் கண் கலங்கியது. ஆனால் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 2007 மார்ச்சில், மேசையில் உட்கார்ந்து பேசி. கிளர்ச்சியாளர்களின் ஊரான புவாக்கேயில் மடகாஸ்கரை 5-0 என்று அடித்த மேட்ச் அதற்குப் பிறகு, ஜூனில். 2010 தேர்தலுக்குப் பிறகு மறுபடி சண்டை மூண்டு, சுமார் 3,000 பேர் செத்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு மண்டியிடுவதை மட்டும் எடுத்தால் அது காலண்டர் படம். ஐவரி கோஸ்ட்டுக்குப் போகிறவர் கேமரூனுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஒரு ஊருக்கு நம்பிக்கை வந்த அதே நிமிடம் இன்னொரு ஊரில் ஒரு மனிதன் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றானே, அவன் யாருக்கும் சமூகமில்லையா?

மதாரே எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அவர்களுக்குக் கணக்குத் தெரியும். 1987இல் ஆரம்பித்த சங்கம். அங்கே லீக் பட்டியலில் மேட்ச் ஜெயித்தால் பாயின்ட், தெருவில் குப்பை அள்ளினாலும் பாயின்ட். போதனை இல்லை, பாயின்ட். எதிர் டீம் நம்மைவிட அதிகமாகக் குப்பை அள்ளிவிடுமோ என்று ஒரு பையன் பதறுவான் பாருங்கள், அந்தப் பதற்றத்தை எடுங்கள். கோ பன்யீயும் போகலாம். 1986இல் பழைய மரத்துண்டுகளையும் மீன்பிடி மிதவைகளையும் தட்டிச் சேர்த்த மைதானம், பந்து நொடிக்கொருதரம் தண்ணீரில் விழும். ஆற்றில் ஆடியவனுக்கு அது புரியும். சியரா லியோன், போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

கொள்ளிடத்துக்கு வடக்கே கடலூரில், சுனாமி அடித்த குடும்பத்துப் பெண் பிள்ளைகள் கால்பந்து பழகினார்கள். எல்லாச் செய்தியிலும் சுனாமிதான் முதல் வரி. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் தலைமையில் 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன் பட்டத்தை முதல்முறையாக வாங்கினார்கள். இறுதிப் போட்டியில் மணிப்பூரை அடித்தார்கள். பலமுறை அந்தப் பட்டத்தை வாங்கிய மணிப்பூரை! பெண்கள் கால்பந்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவனுக்கு மயிர்க்கூச்செறியும். 2-1. அதை முதல் வரியாகப் போட ஏன் ஒருவருக்கும் கை வரவில்லை?

இவ்வளவு கோபம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 2005 தொடக்கத்தில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்துக்கு வெளிநாட்டுப் படக்குழு ஒன்று வந்தது. நான் மொழிபெயர்க்கப் போனேன், ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய். சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போய் ஒன்றிரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கரையில் பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கோலுக்கு ஒரு பக்கம் செருப்பு, ஒரு பக்கம் உடைந்த கட்டுமரத் துண்டு. குழு மூன்று புதுப் பந்து கொடுத்தது, வெள்ளை வெளேரென்று, படத்தில் நன்றாகத் தெரியவேண்டும் அல்லவா. ஆடினார்கள். திடீரென்று சண்டை. ஒருவன் அடித்த பந்து செருப்புக்கு மேலாகப் போயிருக்கிறது. உள்ளே என்கிறது ஒரு கட்சி, வெளியே என்கிறது இன்னொன்று. இயக்குநர் என்னிடம், ஏன் அடித்துக்கொள்கிறார்கள், சிரிக்கச் சொல்லுங்கள் என்றார். பிறகு கூட்டத்திலேயே அதிகமாகக் கத்திக்கொண்டிருந்த ஒருவனைக் காட்டி, இவனுக்கு அம்மா இல்லையாமே, பந்து விளையாடினால் மனசுக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள் என்றார்.

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பத்து வயது இருக்கும், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். கேமராவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "அண்ணே, அது கோல்ண்ணே" என்றான்.

நான் திரும்பி இயக்குநரிடம் ஆங்கிலத்தில், பந்து விளையாடும்போது எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன் என்கிறான் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் படம் இன்றைக்கும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். பையன் தமிழில் அது கோல்ண்ணே என்பான், கீழே எழுத்தில் என் பொய் ஓடும்.

அவன் விடவில்லை. "நீங்க இங்கதானே நின்னீங்க, நீங்க சொல்லுங்கண்ணே, உள்ளதானே போச்சு?" ரெண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தன. பொதுவான ஆள், படித்தவன் மாதிரி இருக்கிறான், சொன்னால் சரியாக இருக்கும் என்று. நான் பார்க்கவில்லை, தம்பி. அங்கேயே நின்றிருந்தேன், அவன் முகத்தில் துக்கம் தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தைப் பார்க்கவில்லை.

அப்பா விஷயம் கேட்டிருந்தீர்கள். நீங்கள் பேசுகிற நேரம் தப்பு என்று நினைக்கிறேன். கொள்முதல் நிலையத்தில் மூட்டை கிடந்து, வானம் கருக்கிற வாரத்தில் போய் உலகம் சுற்றப் போகிறேன் என்றால் யார்தான் எழுந்து போகமாட்டார்? நெல்லுக்குப் பணம் வங்கியில் ஏறி, உளுந்தும் எடுத்து முடித்த பிறகு, ஒரு சாயங்காலமாகப் பார்த்துப் பேசுங்கள். அவரும் சின்ன வயதில் ஆற்றில் ஆடியிருப்பார். எந்த ஊரோடு, எத்தனைக்கு எத்தனை என்று முதலில் கேளுங்கள்.