அலுவலகத்தில் மார்ச் மேட்னஸ் பூல்: பாஸ்கெட்பால் தெரியாதவர் நடத்த முடியுமா?

கேள்வி: வட கரோலினாவில் ராலே பக்கத்தில் மோரிஸ்வில்லில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். எங்கள் டீமில் இங்கே பதினைந்து பேர், சென்னையில் ஏழு பேர். மார்ச் மாதக் கல்லூரி பாஸ்கெட்பால் போட்டிக்கு வருஷா வருஷம் பிராக்கெட் பூல் (யார் யார் ஜெயிப்பார்கள் என்று எல்லோரும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் கணிப்புப் போட்டி) நடத்தியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். "எக்செல்லில் நீதான் கெட்டி" என்று அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும். பணம் வசூலிக்கலாமா? புள்ளி எப்படிப் போடுவது? மனக்கசப்பு வராமல் நடத்துவது எப்படி? பெண்கள் போட்டியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக நடத்தலாம். சொல்லப்போனால், பாஸ்கெட்பால் வெறியரைவிட உங்களைப் போன்றவர் நடத்தினால்தான் பூல் நன்றாக ஓடும். வெறியருக்குக் கண்ணெல்லாம் தன் பிராக்கெட் மேலேயே இருக்கும். கடைசி இடத்தில் கிடக்கிறவர் எந்த நாளில் சலித்துப்போய்ப் பார்ப்பதை நிறுத்தினார் என்று கவனிக்க மாட்டார். அதைக் கவனிப்பதுதான் நடத்துபவரின் முக்கால்வாசி வேலை. மூன்று வாரம் இருபத்திரண்டு பேருக்கும் ஆர்வம் குறையாமல் இருக்க வேண்டும் என்றால், அதற்கான முடிவுகளை முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

முதலில் போட்டியின் அமைப்பைப் பார்த்துவிடலாம். மொத்தம் 68 அணிகள். இவற்றில் எட்டு அணிகள் செவ்வாய், புதன் இரு நாளும் ஒஹையோ மாநிலம் டேட்டனில் ஃபர்ஸ்ட் ஃபோர் என்ற நான்கு தகுதி ஆட்டங்களை ஆடும். கொரோனா காலம் தவிர, 2011இலிருந்து இப்படித்தான். அதில் ஜெயித்த நான்கோடு சேர்த்து 64 அணிகள் நான்கு பிரிவுகளாக நிற்கும். ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தரவரிசை எண் உண்டு, சீடு என்பார்கள். முதல் சுற்றில் 1ஆம் சீடு 16ஆம் சீடோடும், 2ஆம் சீடு 15ஆம் சீடோடும் மோதும். தோற்ற அணி அன்றே ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். இப்படி 63 ஆட்டங்களில் ஒரே ஓர் அணி மிஞ்சும். அந்த 63 ஆட்டத்தின் முடிவையும் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதுதான் பிராக்கெட்.

எத்தனை விதமாக அதை நிரப்பலாம் தெரியுமா? சுமார் 92 ஆயிரம் கோடி கோடி விதமாக! முழுவதும் சரியாக நிரப்பியவர் என்று உறுதி செய்யப்பட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. 2019இல் ஒஹையோக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொன்னார், அதுவே பெரிய செய்தியானது. இதை உங்கள் டீமில் புதியவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்ற கூச்சம் பாதி குறையும்.

ஃபர்ஸ்ட் ஃபோர் ஆட்டங்களைப் பூலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் செவ்வாய் மாலைக்குள் எல்லோரும் நிரப்ப வேண்டும். பட்டியல் வெளியாவதோ ஞாயிறு மாலை. இரண்டு நாளில் இருபத்திரண்டு பேரைப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. அந்த நான்கு இடங்களில் மட்டும் "இந்த இருவரில் ஜெயிப்பவர்" என்று இருக்கட்டும். ஆனால் அந்த இடங்களை அலட்சியமாக விட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். 2011இல் வி.சி.யு.வும் 2021இல் யு.சி.எல்.ஏ.வும் அந்த வாசல் வழியாக வந்துதான் கடைசி நான்கு வரை போயின.

கெடு வியாழக்கிழமை கிழக்கு நேரம் பகல் 12 மணி. முதல் ஆட்டம் அதற்குச் சற்றுப் பிறகு தொடங்கும். மார்ச்சில் கடிகாரத்தை மாற்றிய பிறகு சென்னைக்கு அது இரவு ஒன்பதரை. அழைப்பில் இரண்டு நேரத்தையும் போடுங்கள், சென்னை நேரத்தை முதலில் போட்டால் இன்னும் நல்லது. புதன்கிழமை காலை "இன்னும் நிரப்பாதவர்கள்" என்று பெயரோடு ஒரு செய்தி அனுப்புங்கள். கெடு முடிந்து ஒரு நிமிடம் கழித்து வந்தாலும் சேர்க்காதீர்கள், மேனேஜரே ஆனாலும் சரி.

எக்செல் வேண்டாம். ஈ.எஸ்.பி.என்., யாஹூ, சி.பி.எஸ். ஆகிய மூன்று இணையதளங்களிலும் இலவசமாகத் தனிக் குழு தொடங்கலாம். புள்ளிக் கணக்கை அவையே பார்த்துக்கொள்ளும், கெடு வந்ததும் அவையே பூட்டிவிடும். "ராத்திரி அவர் மாற்றிவிட்டார்" என்ற பேச்சுக்கே இடமிருக்காது. புள்ளி முறையை நம் விருப்பப்படி மாற்றும் வசதி எங்கும் ஒன்றுபோல இருக்காது, குழுவைத் திறக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆளுக்கு ஒரே பிராக்கெட், அதுவும் சொந்தப் பெயரில். இல்லாவிட்டால் "டார்க்நைட்77" என்பவர் முதலிடத்தில் நிற்பார், அவர் யார் என்று ஆபீஸ் முழுக்க விசாரித்துக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது புள்ளி. பூல் வாழ்வதும் சாவதும் இங்கேதான்.

வழக்கமான முறை 1-2-4-8-16-32. முதல் சுற்றில் சரியான கணிப்புக்கு ஒரு புள்ளி, அடுத்த சுற்றில் இரண்டு, இப்படி இரட்டித்துப்போய் இறுதி ஆட்டத்துக்கு 32. ஈ.எஸ்.பி.என். இதையே பத்தால் பெருக்கிப் போடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் 32 புள்ளி என்று பார்க்க நியாயமாகத்தான் தெரியும், மொத்தம் 192. ஆனால் சாம்பியனைச் சரியாகச் சொன்னவருக்கு என்ன கிடைக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். அந்த அணி ஆறு சுற்றிலும் ஜெயிப்பதால் அதிலிருந்து மட்டும் 63 புள்ளி வந்துவிடும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே கணிப்பில்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் முதல் சுற்றில் 24, அடுத்ததில் 9, பிறகு 4, பிறகு 1 என்று சரியாகச் சொல்கிறார், அதோடு அவருடைய அணிகள் எல்லாம் காலி. இன்னொருவர் 18, 7, 3, 2, 1 என்று தட்டுத்தடுமாறி வந்து சாம்பியனை மட்டும் சரியாகப் பிடிக்கிறார். வழக்கமான முறையில் முதலாமவருக்கு 66, இரண்டாமவருக்கு 108. நாலு மாதம் ஆட்டம் பார்த்தவர் நொந்துபோவார். இதையே 1-2-3-4-5-6 என்று போட்டால் 58க்கு 60. அது மறுபக்கம் சாய்கிறது, சாம்பியனைப் பிடித்ததற்கு மதிப்பே இல்லாதது போல ஆகிவிடும். முதல் நான்கு நாளில் முன்னே போனவரைப் பிடிப்பதும் கஷ்டம்.

என் தேர்வு 2-3-5-8-13-21. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது, நினைவு வைத்துக்கொள்ளவும் எளிது. மேலே சொன்ன இருவருக்கும் இதில் 103, 122. சாம்பியனைச் சொன்னவர்தான் ஜெயிக்கிறார், ஆனால் மற்றவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்.

உங்கள் ஊருக்கு இது இன்னும் முக்கியம். டியூக், சேப்பல் ஹில்லில் வட கரோலினா, ராலேயிலேயே என்.சி. ஸ்டேட் என்று மூன்று பெரிய அணிகள் அரை மணி நேர கார் தூரத்தில் இருக்கின்றன. மூன்றிலும் படித்தவர்கள் உங்கள் டீமில் இருப்பார்கள். அவரவர் தம் கல்லூரியைச் சாம்பியனாக எழுதுவார்கள், எதிரிக் கல்லூரியைக் கைதவறிக்கூட எழுத மாட்டார்கள். 2025 அரையிறுதியில் டியூக் இரண்டாம் பாதியில் பெரிய முன்னிலையில் இருந்துவிட்டு ஹூஸ்டனிடம் 70-67 என்று தோற்றது. அப்படி ஓர் இரவில் பாதி டீமின் சாம்பியன் ஒரே நேரத்தில் போய்விடும். ஒரே கணிப்பில் பூலே தொங்கினால் திங்கட்கிழமை இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஆளிருக்காது.

சின்ன அணி பெரிய அணியைச் சாய்த்தால் கூடுதல் புள்ளி கொடுக்கச் சொல்லி ஒருவராவது வருவார். ஆசை நியாயம்தான். 2018இல் 16ஆம் சீடான யு.எம்.பி.சி., 1ஆம் சீடான வர்ஜீனியாவை 74-54 என்று துவைத்துப் போட்டது. 2023இல் அதேபோல 16ஆம் சீடான ஃபேர்லீ டிக்கின்சன் 1ஆம் சீடான பர்டியூவை வீழ்த்தியது. 2022இல் நியூஜெர்சியின் செயின்ட் பீட்டர்ஸ் 15ஆம் சீடாக வந்து கென்டக்கியைத் தோற்கடித்து கடைசி எட்டு வரை போனது. 2024இல் உங்கள் என்.சி. ஸ்டேட்டே 11ஆம் சீடாகக் கடைசி நான்கில் நின்றது. ஆனால் சீடு வித்தியாசத்தைப் புள்ளியாகக் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சின்ன அணிகளையும் எழுதியவர் முதல் சுற்றிலேயே எங்கோ போய்விடுவார். முதல் வருஷம் அது வேண்டாம். பதிலாக, யாரும் எதிர்பாராத வெற்றியைச் சரியாகச் சொன்னவருக்கு ஒரு தனிச் சின்னப் பரிசு வையுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஆபீஸ் பூல் இந்நாட்டில் பழைய வழக்கம்தான். 1977இல் நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் ஒரு மதுக்கடையில் 88 பேர் ஆளுக்குப் பத்து டாலர் கட்டியதையே தொடக்கம் என்பார்கள். வளர்ந்து வளர்ந்து 2006இல் பரிசு பதினைந்து லட்சம் டாலரைத் தாண்டியது, வரி விவகாரம் வந்து மூடினார்கள். வட கரோலினாவில் 2024 மார்ச்சிலிருந்து உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாக விளையாட்டில் பந்தயம் கட்டச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த உரிமம் உங்களிடம் இல்லை. ஆபீஸ் பூலுக்காக யாரும் போலீஸை அனுப்பப்போவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கம்பெனி விதி என்ன சொல்கிறது என்று ஹெச்.ஆரிடம் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். விசாவில் இருப்பவர் என்றால் பூல் பணத்தைக் கையில் வைத்திருக்கும் ஆளாக இருக்கவே வேண்டாம்.

சென்னைக்காரர்களிடம் நிச்சயமாக வாங்கக் கூடாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை இந்தியா 2025 சட்டத்தில் தடை செய்திருக்கிறது. ஒரு சாராரிடம் பணம் வாங்கி இன்னொரு சாராரைச் சும்மா ஆடவிட்டால் டீமுக்குள் இரண்டு வகுப்பாகிவிடும். பகுதிநேரமாகக் கல்லூரி விளையாட்டுத் துறையில் வேலை செய்பவரோ, கல்லூரி அணியில் ஆடும் இன்டர்னோ இருந்தால், பணம் கட்டும் பூலில் சேர, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.யின் விதி அவர்களை அனுமதிக்காது. 2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ரிக் நியூஹைசல் இப்படி ஒரு பூலில் பணம் போட்டதால் வேலையையே இழந்தார். பிறகு வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினார், அது தனிக்கதை.

பரிசுக்கு மேனேஜரைக் கேளுங்கள். முதலிடத்துக்கு ஒரு நல்ல சாப்பாடு போதும். கடைசி இடத்தில் வருபவர் டீமுக்கு கிறிஸ்பி கிரீம் டோனட் வாங்கி வர வேண்டும் என்று வையுங்கள். உங்கள் மாநிலத்துச் சரக்குதான், வின்ஸ்டன்-சேலத்தில் பிறந்தது. கடைசி இடத்துக்காரர் சென்னையில் இருந்தால் அங்கே இருக்கும் ஏழு பேருக்கு வடையும் ஃபில்டர் காபியும். இப்படி வைத்தால் கீழே இருக்கும் நாலைந்து பேர் கடைசி வாரம்வரை புள்ளிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அவர்களுக்காக இன்னொரு ஏற்பாடும் உண்டு. முதல் வியாழன் முதல் ஞாயிறு வரை நாலே நாளில் 48 ஆட்டங்கள் முடிந்து 16 அணிகள் மிஞ்சும். அங்கிருந்து புதிதாக ஒரு குட்டிப் பூல் தொடங்குங்கள், 15 ஆட்டம்தான், அடுத்த வியாழன் மாலை கெடு. பிராக்கெட் கந்தலானவர்கள் எல்லோரும் இதில் வந்துவிடுவார்கள்.

சண்டை எதில் வரும் என்றால், எழுதிவைக்காத விஷயத்தில். புள்ளிகள் சமமானால் இறுதி ஆட்டத்தின் மொத்த ஸ்கோரை யார் நெருக்கமாகச் சொன்னார்கள் என்று பாருங்கள். 2025இல் ஃபுளோரிடா ஹூஸ்டனை 65-63 என்று ஜெயித்தது, மொத்தம் 128. 131 என்றவர் ஜெயிப்பார், 140 என்றவர் தோற்பார். அதுவும் சமமானால் பரிசைப் பகிரட்டும். ஆட்டம் நடக்காமலே போனால்? 2021இல் கொரோனா காரணமாக வி.சி.யு. ஆட முடியாமல் ஓரிகன் அடுத்த சுற்றுக்குப் போனது. அடுத்த சுற்றுக்குப் போன அணியை எழுதியவருக்கே புள்ளி என்று ஒரு வரி எழுதிவையுங்கள். 2020 போல போட்டியே ரத்தானால் பூலும் ரத்து. இவ்வளவும் அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, ஞாயிறு அழைப்பிலேயே இருக்க வேண்டும்.

தினமும் ஒரே ஒரு செய்தி, காலை எட்டரைக்கு. முதலிடம் யார், கடைசி யார், நேற்று யாருடைய சாம்பியன் வீட்டுக்குப் போனார், மற்ற எல்லோரும் ஒரு பக்கம் நிற்க ஒருவர் மட்டும் சரியாகச் சொன்ன ஆட்டம் எது. நாலு வரி போதும். ஆட்டம் நடக்கும் வியாழன், வெள்ளி மதியங்களில் நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். எல்லோரும் ஒரு ஜன்னலை மறைத்துவைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

உங்கள் பிராக்கெட்டுக்கு: 1ஆம் சீடு நான்கையும் முதல் சுற்றில் தாண்டவிடுங்கள், 2025 வரை 160 ஆட்டங்களில் இரண்டில்தான் தோற்றிருக்கிறார்கள். 8க்கும் 9க்கும் இடையே நாணயம் சுண்டலாம். 12ஆம் சீடுகளில் ஒன்றையாவது 5ஐ ஜெயிக்கவிடுங்கள், அது அடிக்கடி நடக்கும். கடைசி நான்கில் 1ஆம் சீடு நான்கையும் எழுதாதீர்கள். 2025இல் அப்படி நடந்தது, அதற்கு முன் 2008இல் மட்டும்.

பெண்கள் போட்டியைக் கட்டாயம் நடத்துங்கள், ஆனால் தனிப் பூலாக. அதிலும் 68 அணிகள்தான், முதல் சுற்று ஒரு நாள் தள்ளி வெள்ளிக்கிழமை தொடங்கும். 2024இல் சவுத் கரோலினாவும் அயோவாவும் மோதிய பெண்கள் இறுதி ஆட்டத்தை ஆண்கள் இறுதி ஆட்டத்தைவிட அதிகம் பேர் டி.வி.யில் பார்த்தார்கள். இரண்டையும் ஒரே பூலில் கூட்டினால் 126 ஆட்டம் நிரப்ப வேண்டியிருக்கும், புதியவர்கள் ஓடிவிடுவார்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேரட்டும், எட்டுப் பேர் வந்தாலும் போதும்.