சாம்பாரில் கலந்த மாத்திரை

கேள்வி: என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எட்டு வருடமாகக் குடி. மூன்று முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். மூன்று முறையும் என் அண்ணன் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தால் இரண்டு மாதம்கூடத் தாங்குவதில்லை. மெடிக்கலில் வாங்கி அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலந்து கொடுத்துப் பார்க்கிறேன், அதுவும் கேட்கவில்லை. இப்போது ஒரு மையத்தில் 90 நாள், ஒன்றரை லட்சம், இனி தொடவே மாட்டார் என்று கேரண்டி தருகிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: நகை இருக்கட்டும். சாம்பாரில் மாத்திரை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை.

நீங்கள் கலப்பது அநேகமாக டைசல்ஃபிரம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் சாராயம் முழுதாகச் செரிக்காமல் பாதியில் நின்று விஷமாகத் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் என்றால் உயிரே போகலாம். மாத்திரை போட்டிருக்கிறோம் என்று தெரிந்தவன் அந்தப் பயத்தில் பாட்டிலைத் தொடமாட்டான். தெரியாதவனை எது தடுக்கும்? ஒரு நாள் அவர் கடை வாசலில் சுருண்டு விழுந்தால் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இன்றே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேகம் இருக்கும். அதனால் அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லிவிடுங்கள். தினமும் குடிப்பவர் பயந்துபோய்க் குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் வரலாம். ஆகவே அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போய் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். கோபப்படுவார், படட்டும். மனைவி போடும் சோற்றைச் சந்தேகமில்லாமல் சாப்பிட முடியாத வீட்டில் எந்த மருந்தும் வேலை செய்யாது என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் கடிதம் முழுவதும் தேடிவிட்டேன், அவர் சொன்னதாக ஒரு சொல் இல்லை. மூன்று முறை தூக்கிப் போனீர்கள், ஒரு முறையாவது "என்னங்க, வர்றீங்களா?" என்று கேட்டீர்களா? அண்ணனின் பாசம் புரிகிறது. ஆனால் ஆள் வைத்துத் தூக்குவது மைத்துனர் செய்கிற காரியமா?

அதே மாத்திரையை மருத்துவர் கல்லீரலையும் இதயத்தையும் பார்த்துவிட்டு எழுதித்தந்து, அவர் சம்மதித்து, தினமும் காலையில் உங்கள் கையால் வாங்கி உங்கள் எதிரிலேயே விழுங்கினால் நல்ல பலன் தரும். குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு. எது பொருந்தும் என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேரண்டி தரும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள். உடம்பிலிருந்து போதை இறங்கச் சில நாள் போதும். அவர் மறுபடி விழுவது வெளியேதான், சனிக்கிழமை சம்பளக் கவரோடு பழைய கூட்டாளிகள் நடுவில். எனவே டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எத்தனை மாதம் வரச் சொல்வார்கள், சறுக்கினால் திட்டாமல் திரும்பச் சேர்ப்பார்களா, கவுன்சலிங்கில் உங்களையும் உட்காரவைப்பார்களா? 2017 மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா? அடிப்பது, கட்டிவைப்பது என்று காதில் விழுந்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. குடிநோய் மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் தனியே வகுப்பு உண்டு. குடி வீட்டையே நோயாக்குகிறது என்று அனுபவித்து அறிந்தவர் அவர். உங்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே நடக்கும் அல்-அனான் கூட்டத்துக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டத்துக்கு உங்கள் கணவர் வர மறுத்தாலும், நீங்கள் இதற்குப் போகலாம்.

நகையை அடகு வைக்காதீர்கள். அது பிள்ளைகளுடையது. முதலில் உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு, அவரைக் கேட்டு, அவரோடு சேர்ந்து போங்கள். வழி தெரியாவிட்டால் போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். அண்ணன் உதவ நினைத்தால் சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வாசலுக்கு வந்து மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டே வீடுவரை நடக்கட்டும்.