பழைய உருக்குச் சைக்கிளை விற்கும் முன்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற, ரெனால்ட்ஸ் 531 குழாய்களாலான நெடுந்தூரப் பயணச் சைக்கிளைத் திருத்திப் புது வர்ணம் பூசியிருக்கிறேன். என்ன சொல்லி விற்பது?
– வாசகர், ஹட்டன்

பதில்: 1935இல் இங்கிலாந்தில் அறிமுகமான அந்த மங்கனீசு–மொலிப்டினம் உருக்குக்கு இன்றும் மதிப்புண்டு, ஆனால் மலையகத்தின் பனியும் மழையும் குழாயின் உட்புறத்தையும் அரிக்கும் என்பதால், இருக்கைத் தண்டைக் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே தெரிவதைப் படமெடுத்துக் காட்டுங்கள். புது வர்ணம் வெடிப்பையும் நெளிவையும் மறைக்கக்கூடும். ஆகவே பூசுவதற்கு முன் எடுத்த படங்கள் இருந்தால் அவையே உங்களுக்குச் சிறந்த சாட்சி.

சில்லு 27 அங்குலமானால், டயர் அமரும் இடத்தில் அதன் ரிம்மின் விட்டம் 630 மி.மீ.; இக்காலத்து 700சி என்ற அளவு டயர் 622 மி.மீ. ரிம்முக்கானது, ஆகவே அதில் பொருந்தாது. இதை மறைக்காதீர்கள். ரிம் குரோம் பூசிய உருக்கானால் நனைந்தவுடன் பிரேக் பிடிப்பு வெகுவாகக் குறையும். நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்குபவருக்கு அது உயிர்ப் பிரச்சினை என்பதால், அலுமினிய ரிம் மாற்றிய பிறகே கைமாற்றுங்கள் என்பது என் உறுதியான கருத்து. கழற்றிய பழைய ரிம்களையும் சேர்த்தே கொடுங்கள். உங்கள் உழைப்பு முழுவதற்கும் விலை கிடைப்பது அரிது. உதிரிப்பாகச் செலவின் பற்றுச்சீட்டுகளைக் காட்டிப் பேசுங்கள்.