மரமஞ்சள் வாங்கலாமா?

கேள்வி: அம்மாவின் கால் புண்ணைக் கழுவ மரமஞ்சள் கஷாயம் நல்லது என்கிறார் ஓர் உறவினர். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. அழியும் நிலையில் இருக்கும் கொடி, வாங்காதீர்கள் என்கிறாள் மகள். வாங்கலாமா? வீட்டில் வளர்க்க முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள். அம்மாவின் காலை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

மரமஞ்சள், சீந்தில் குடும்பத்தைச் சேர்ந்த பெருங்கொடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் இலங்கையிலும் உயர்ந்த மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும். தண்டை வெட்டினால் உள்ளே பளிச்சென்ற மஞ்சள். பெர்பெரின் என்ற வேதிப்பொருள் தரும் அந்த நிறமே இதற்குக் கேடாக அமைந்தது. சரக்கு தண்டில் இருப்பதால் அடியோடு வெட்டுகிறார்கள். நான் வனப் பணியில் இருந்தபோது அகத்தியமலைச் சரிவுகளில் பல கொடிகள் உச்சியில் இலையோடு காய்ந்து தொங்கின. கீழே அரிவாள் வெட்டு. அந்தக் காட்சியை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெட்டினால் மறுபடி வளராதா என்று பலர் கேட்கிறார்கள். இதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பூத்துக் காய்க்கும் பருவத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் வெட்டு விழுந்துவிடுகிறது. தப்பிய பெண் கொடிக்கு அருகில் ஆண் கொடி இல்லையென்றால் காய் இல்லை. விதை கிடைத்தாலும் முளைக்க மாதக்கணக்கில் ஆகும். இதனால்தான் தென்னிந்தியாவில் இதை மிகவும் அருகிவிட்ட தாவரமாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஏற்றுமதிக்குத் தடையுள்ள தாவரங்களின் பட்டியலிலும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் உள்ளூர்க் கடைகளில் கேட்பவர்கள் குறையவில்லை. சில கடைகளில் இதே பெயரில் இமயமலைப் பக்கத்து முட்புதர் ஒன்றின் தண்டைத் தருவார்கள். அதுவும் பெரும்பாலும் காட்டில் வெட்டியதுதான்.

வளர்ப்பதை முழு மனதோடு வரவேற்கிறேன், மருந்துக்காக அல்ல. மொட்டை வெயிலில் வராது. ஈரமும் நிழலும் ஏறிப் படர நல்ல மரமும் வேண்டும். மலையடிவாரத்தில் பலா நிற்கும் தோட்டம் இருந்தால் முயலுங்கள். வனத்துறை அல்லது மூலிகைத் தோட்ட நாற்றங்காலில் கேளுங்கள். காட்டில் பிடுங்கிய கன்றை யார் தந்தாலும் வாங்காதீர்கள். விதைக் கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. தண்டுத் துண்டில் வேர்விட்ட கன்று தாய்க்கொடி எதுவோ அதுவாகவே இருக்கும். ஆகவே தாய்க்கொடியைப் பற்றி விசாரித்து, இரண்டு வகையிலும் ஒவ்வொன்றாக வாங்கி அருகருகே நடுங்கள்.