ஆப் ரெண்டு வாரம்தான் தாங்குது, சென்செய்!

கேள்வி: கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மாலை நேரத்தில் ஜப்பானிய மொழி எடுக்கிறேன்; பிள்ளைகளுக்கு நான் ‘சென்செய்’, அதாவது ஆசிரியர். டிசம்பரில் நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் தொடக்க நிலையான என்5-தான் இலக்கு. ஜூலையில் 42 பேர் சேர்ந்தார்கள். இப்போது வருவது 19 பேர். புள்ளி தரும் ஆப் ஒன்றை எல்லோரையும் போனில் ஏற்றச் சொல்லி, முதல் பத்துப் பேர் பட்டியலை வாராவாரம் சுவரில் ஒட்டினேன். ‘அங்கி’ (Anki) என்ற ஃப்ளாஷ் கார்டு ஆப்பையும் கொடுத்தேன்; ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று காட்டுவது. ரெண்டு வாரம் போட்டி போட்டுக்கொண்டு செய்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். நிர்வாகம் ஸ்மார்ட் போர்டு வைத்துத் தந்திருக்கிறது. கட்டண ஆப் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டவும் தயார் என்கிறார்கள். வாங்கச் சொல்லட்டுமா? மீதிப் பிள்ளைகளையாவது எப்படித் தக்கவைப்பது?

பதில்: முதல் வேலையாக அந்தப் பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நானும் ஒட்டியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். முதல் ஐந்து பேர் எப்போதும் அதே ஐந்து பேர்தான். பட்டியல் இல்லாவிட்டாலும் அவர்கள் படிப்பார்கள். பட்டியலுக்கு வெளியே இருக்கும் முப்பது பேருக்கு அந்தத் தாள் வாரம் ஒருமுறை சொல்வது ஒன்றுதான்: ‘உனக்கு இது வராது.’ என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், எழுத்து முத்துமுத்தாக இருக்கும், பட்டியல் ஒட்டிய மூன்றாம் வாரம் நின்றுவிட்டான். காரணம் கேட்டதற்கு ‘லேப் இருக்கு சார்’ என்றான். லேப் எல்லோருக்கும்தான் இருந்தது.

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், ‘வரைந்தால் தங்க முத்திரை வைத்த சான்றிதழ் உண்டு’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவர்களும் வரைந்தார்கள், சான்றிதழும் வாங்கினார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்துப் பார்த்தபோது, பரிசு பேசிய குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். விளையாட்டு கூலி வேலையாகிவிட்டது. உங்கள் ஆப் தரும் புள்ளியும் அந்தத் தங்க முத்திரையும் ஒரே சாதி.

அங்கி விஷயத்தில் நடந்தது வேறு. அதில் குற்றம் பிள்ளைகளுடையதும் அல்ல, ஆப்பினுடையதும் அல்ல. அமைப்பைத் தொடாமல் அப்படியே கொடுத்ததுதான். ‘அங்கி’ என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. மறக்கப்போகும் நேரம் பார்த்துச் சொல்லைத் திரும்பக் காட்டும் அருமையான கருவி. ஆனால் எதையும் மாற்றாவிட்டால் நாளொன்றுக்கு 20 புதுக் கார்டு தரும். முதல் நாலு நாள் ஜாலி. புதிதாகப் போட்டது ஒவ்வொன்றும் திரும்பத் திரும்ப வந்து சேர்வதால், மூன்றாவது வாரத்தில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது கார்டுகூட வரிசையில் நிற்கும். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து திறந்தால் முந்நூறு. யார் திறப்பார்கள்? உங்கள் ‘ரெண்டு வாரம்’ இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

செட்டிங்கில் போய்ப் புதுக் கார்டை ஐந்தாகக் குறையுங்கள். என்5-க்கு அதிகாரப்பூர்வச் சொல் பட்டியல் கிடையாது; ஏறக்குறைய 800 சொல் என்பதுதான் ஆசிரியர்கள் வைத்திருக்கும் கணக்கு. நாளுக்கு ஐந்து என்றால் 160 நாள். இப்போது தொடங்குபவர்கள் டிசம்பருக்குள் முடிக்க முடியாமல் போகலாம், ஜூலைத் தேர்வுக்கு முடிப்பார்கள். மூன்றாவது வாரத்தில் விட்டுவிட்டு ஓடுவதைவிட அது மேல். இன்னொன்று: தயார் கார்டுக் கட்டை இறக்கிக் கொடுக்காதீர்கள். வகுப்பில் வந்த சொல்லுக்கு அவரவரே கார்டு செய்யட்டும். முன்பக்கம் ஆங்கிலம் வேண்டாம், தமிழ் இருக்கட்டும்.

தமிழ் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘நான் ரயில்ல காலேஜுக்குப் போறேன்’ என்பதை அப்படியே வரிசை மாறாமல் ‘வதாஷி வா தென்ஷா தெ தைகாகு நி இகிமாஸ்’ என்று சொல்லிவிடலாம். ரயில்+ல், தென்ஷா+தெ. காலேஜ்+உக்கு, தைகாகு+நி. வினை கடைசியில். இந்தச் சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் யோசித்து, மொழிபெயர்ப்பு ஆப்பில் ஆங்கிலத்தைக் கொடுத்து, தலைகீழாகத் திருப்பி எழுதுகிறார்கள். இரண்டு மொழிக்கும் வம்ச உறவு உண்டென்று ஜப்பானிய அறிஞர் ஓனோ சுசுமு வாதிட்டதையும், மொழியியலாளர்கள் பலர் அதை ஏற்காததையும் இங்கே விட்டுவிடுவோம். உறவு இல்லாவிட்டாலும் வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறது, நமக்கு அது போதும். ‘எனக்கு இது ஏற்கெனவே பாதி தெரியும்’ என்ற எண்ணம் வந்த பிள்ளையை வகுப்பிலிருந்து விரட்டுவது கஷ்டம்.

இனி, போனை எதற்குப் பயன்படுத்தலாம் என்று பார்ப்போம். என் அனுபவத்தில் ஒரு மாணவனை உட்கார வைப்பது, போன மாதம் முடியாதது இந்த மாதம் முடிகிறது என்பதை அவனே பார்ப்பதுதான். புள்ளி அதைக் காட்டாது; அவனுடைய குரல் காட்டும்.

ஒவ்வொருவரும் இருபது விநாடி சுய அறிமுகத்தை வாய்ஸ் நோட்டாகப் பதிந்து, தங்களுக்கே வாட்ஸாப்பில் அனுப்பிக்கொள்ளட்டும். வகுப்புக் குழுவில் போட வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். மாதக் கடைசியில் அதே அறிமுகத்தை மறுபடி பதிந்து, பழையதைப் போட்டுக் கேட்கட்டும். முதலாவதில், முதல்முறை சந்திக்கும்போது சொல்லும் ‘ஹஜிமேமாஷிதே’ என்ற ஒரு சொல்லுக்கு நாலு இடத்தில் மூச்சு வாங்கியிருப்பார்கள். இரண்டாவதைக் கேட்டு அவர்களே சிரிப்பார்கள். செலவு ஒரு பைசா இல்லை.

அடுத்தது உச்சரிப்பு. இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. நோட்டில் ஜப்பானியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வார்கள். ‘ககி’ என்று எழுதினால் நம் வாய் தானாகவே இரண்டாவது க-வை மெலிதாக்கிவிடும், அது சாவி (kagi). பெர்சிமன் பழத்துக்கு (kaki) இரண்டாவது எழுத்தையும் வன்மையாகச் சொல்ல வேண்டும். அதற்காக ‘கக்கி’ என்று எழுதினால் அது சுறுசுறுப்பு என்ற மூன்றாவது சொல். பழத்தை எழுதத் தமிழில் வழியே இல்லை! பழத்தைக் கேட்கப்போய் சாவியைக் கேட்பதும், வார்த்தைக்கு வார்த்தை வன்மையும் மென்மையும் குழம்புவதும் இதனால்தான். மறுபுறம், வேறு சில இடத்தில் நமக்குக் காது கூர்மை. ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. யுகி பனி, யூகி துணிச்சல். குறில் நெடில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு.

இதற்கு மருந்து எல்லோர் போனிலும் இருக்கிறது. கீபோர்டில் ஜப்பானிய மொழியைச் சேர்த்து, மைக்கை அழுத்திப் பேசச் சொல்லுங்கள். சாவி என்று சொல்ல நினைத்துப் பழம் வந்து நின்றால், நீங்கள் ஒரு வார்த்தை திருத்த வேண்டியதில்லை. பிள்ளை தானே பத்து முறை சொல்லிப் பார்ப்பாள். நாற்பது பேர் முன்னால் ஆசிரியர் திருத்தினால் வரும் கூச்சம் மெஷினிடம் வராது. இரண்டு எச்சரிக்கை. நீளமான வாக்கியம் கொடுத்தால் போன் சூழலை வைத்து ஊகித்து, தப்பாகச் சொன்னதையும் சரியாகத் தட்டிவிடும். ‘கதவைத் திறக்க’ என்று சொன்னதுமே அது சாவிக்குத் தயாராகிவிடும். எனவே ‘கொரே வா … தெஸ்’, அதாவது ‘இது …’ என்ற அளவில், இரண்டு சொல்லும் பொருந்துகிற குட்டி வாக்கியமாகக் கொடுங்கள். திரையில் வருவது கான்ஜியாக, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்தாக இருக்கும், என்5 பிள்ளைகளுக்குப் படிக்க வராது. பத்து ஜோடிச் சொற்களைப் படத்தோடும் கான்ஜியோடும் முன்பே காட்டிவிடுங்கள். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது என்றீர்களே, அதற்கு வேலை இதோ.

கீபோர்டைச் சேர்த்துவிட்டதால் இன்னொரு லாபமும் உண்டு. ‘vanakkam’ என்று ரோமன் எழுத்தில் தட்டி ‘வணக்கம்’ வரவைக்கும் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஜப்பானியத் தட்டச்சும் அதே வித்தைதான், சொல்லித்தரவே வேண்டாம். வகுப்புக் குழுவில் தினம் ஒரு வரி: ‘கெசா, தோசா ஓ தபேமாஷிதா’, காலையில் தோசை சாப்பிட்டேன். மறுநாள் ஒருவன் பரோட்டா என்பான், ஒருத்தி ஒன்றும் சாப்பிடவில்லை என்று எழுத எதிர்மறை கேட்டு வருவாள். அவளாகக் கேட்டு வாங்கிய இலக்கணம் மறக்காது. கடகனாவில் சரிந்தார்கள் என்றால், அவரவர் பெயரையும் ஊரையும் ஹோட்டல் பெயரையும் கடகனாவில் தட்டச் சொல்லுங்கள். வெளிச்சொற்களை எழுத இன்று முக்கியமாகப் பயன்படுவது அந்த எழுத்துதான்.

சாட்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிள்ளைகள் ஏற்கெனவே வீட்டுப்பாடத்தை அதில்தான் செய்கிறார்கள். தடுக்க முடியாது. ‘நீ ரயில் நிலைய ஊழியர், என்5 சொற்களில் மட்டும் பேசு’ என்று சொல்லி ஐந்து நிமிடம் பேசிவிட்டு, தனக்குப் புரியாத மூன்று வரியை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது சொல்லும் இலக்கண விளக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். தவறான வாக்கியத்தையும் ‘பிரமாதம்’ என்று பாராட்டிவிடும்.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது: மனிதர்கள். மொழி கற்கும் ஊக்கத்தை ஆராய்ந்த சோல்தான் டோர்னேய், அந்த மொழியைப் பேசும் வருங்காலத் தன்னைக் கற்பனையில் பார்க்க முடிவதுதான் பெரிய உந்துதல் என்று வாதிட்டார். கல்லூரி விளம்பரத்தில் வரும் ‘ஜப்பானில் வேலை’ அந்தக் கற்பனையைத் தராது. உங்களிடம் படித்து நகோயாவிலோ, ஒரகடம் பக்கத்து ஜப்பானியக் கம்பெனியிலோ இருக்கும் பழைய மாணவன் ஒருவனிடம் ஒரு நிமிட வீடியோ கேளுங்கள். மெருகு வேண்டாம். அறை எவ்வளவு சின்னது, கடையில் தயிர் எங்கே இருக்கிறது, முதல் மாதம் எந்த வார்த்தை புரியாமல் முழித்தேன், இதுபோதும். தங்கள் கேன்டீனில் டீ குடித்தவன் அங்கே இருக்கிறான் என்பதைப் பார்ப்பதுதான் விஷயம்.

மாதம் ஒருமுறை ஜப்பானியர் ஒருவரோடு வீடியோ அழைப்பும் வையுங்கள். நேரம் நமக்குச் சாதகம்: அவர்கள் மூன்றரை மணி நேரம் முன்னால். கோவையில் மாலை 4 என்றால் அங்கே இரவு 7.30, வேலை முடிந்து வீட்டில் இருப்பார்கள். பாதி நேரம் ஜப்பானியம், பாதி நேரம் அவர் பழக விரும்பும் ஆங்கிலம் என்று ஒப்பந்தம் செய்தால் யாருக்கும் கடன் இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவரையும் மொழிப் பரிமாற்ற ஆப்பில் தனித்தனியாகக் கணக்குத் திறக்கச் சொல்லாதீர்கள். மாணவிகளுக்கு வரும் குறுஞ்செய்திகள் எந்த மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இருக்க, வகுப்பாக, ஆளுக்கு ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்வியைத் தயார்செய்ய அவர்கள் ஒரு வாரம் உழைப்பதைப் பாருங்கள்.

போனவர்கள் 23 பேருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள், ஜூலைத் தேர்வுக்குத் தனியாக ஒரு மெதுவான குழு தொடங்குகிறேன் என்று. எல்லோரும் திரும்ப மாட்டார்கள்.

ஆண்டுச் சந்தா வேண்டாம். அந்தப் பணத்துக்குச் சுமாரான ஹெட்செட்டுகளாக வாங்கித் தரச் சொல்லுங்கள். என்5-ல் மொத்தம் 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி என்றாலும், கேட்கும் பகுதியில் 60-க்கு 19 தனியாக எடுத்தாக வேண்டும். மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் இது குறைந்தால் தோல்விதான். 19 பேர் ஒரே ஸ்பீக்கரை மின்விசிறிச் சத்தத்தோடு கேட்கும் வகுப்பில் பின்வரிசைக்கு எதுவும் காதில் விழாது. மாதிரி ஒலிப்பதிவுகளை முன்பே இறக்கி வைத்துவிடுங்கள், மாலை ஐந்து மணிக்குக் கல்லூரி வைஃபை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.