ஆற்றங்கரைப் பாதைக்குச் சிரமதானம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்துக்குக் கீழே கொத்மலை ஓயாவை ஒட்டிச் செல்லும் நடைபாதைக்கு விடுமுறை நாட்களில் வெளியூர்களிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். கடந்த மழையில் இரண்டு இடங்களில் பாதை அரித்துப் போய்விட்டது. மற்ற இடங்களில் கால் புதையும் சேறு. எங்கள் இளைஞர் கழகத்தினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்யத் தீர்மானித்துள்ளோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் சீமெந்து தருவதாகச் சொல்கிறார். ஆற்று மணலையும் கல்லையும் எடுத்துக் கொங்கிரீட் போட்டுவிடலாமா?
- வாசகர் ஒருவர், தலவாக்கலை

பதில்: சீமெந்து தருவதாகச் சொன்னவரிடம் அதற்குப் பதிலாக நான்கு அலவாங்குகளும் பத்து மண்வெட்டிகளும் வாங்கித் தரச் சொல்லுங்கள். பாதையை அரிப்பது நடப்பவர்களின் கால்களை விட, பாதையையே தனக்கு வாய்க்காலாக ஆக்கிக்கொள்ளும் மழைநீர்தான். அந்த நீர் வெளியேற வழி செய்யாமல் மேலே கொங்கிரீட் இட்டால், அது கொங்கிரீட்டின் ஓரமாக இன்னும் வேகமாக ஓடி அடிமண்ணைத் தோண்டும். ஓரிரு மழைக்காலங்களில் பலகை போல அந்தரத்தில் நிற்கும் கொங்கிரீட் துண்டுகளைத்தான் பார்ப்பீர்கள். ஆற்றில் மணல் அள்ளுவதற்கு புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது இருக்கட்டும்; கரையை அணைத்துக்கொண்டிருக்கும் கற்களைப் பெயர்த்தெடுத்து அதே கரையிலுள்ள பாதையைக் காப்பாற்ற முடியாது.

வேலையைத் தொடங்குவதற்கு முன், நல்ல மழை பெய்து சற்று ஓய்ந்ததும் இருவர் அந்தப் பாதையில் நடந்து, நீர் எங்கே பாதைக்குள் நுழைகிறது, எங்கே வெளியேற வழியின்றித் தேங்குகிறது என்று பார்த்துக் கம்பு நட்டு அடையாளமிட வேண்டும். அடுத்து, பாதையின் மேற்பரப்பு ஆற்றுப் பக்கமாகச் சிறிது சாய்ந்திருக்கட்டும். ஒரு மீற்றர் அகலப் பாதைக்கு ஐந்து சென்ரிமீற்றர் சாய்வு போதும். நடப்பவருக்கு அது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அந்தச் சாய்வு போதாத ஏற்றங்களில் பாதைக்குக் குறுக்கே கான் வெட்ட வேண்டும். நேர்குறுக்காக வெட்டினால் மண் படிந்து விரைவில் தூர்ந்துவிடும். ஆகவே பாதைக்குச் சாய்கோணமாக வெட்டி, கானின் வாயை வெறும் கரை மண்ணில் விடாமல் புல்லிலோ கற்குவியலிலோ கொண்டுபோய் முடியுங்கள்.

இந்த வித்தையைக் கற்க நீங்கள் வெளியே போக வேண்டியதில்லை. தேயிலை மலையின் மண்ணைக் கழுவிப் போகாமல் காத்தது கான் வெட்டு. அதை வாழ்நாள் முழுவதும் செய்தவர்கள் உங்கள் லயங்களிலேயே ஓய்வுபெற்று இருக்கிறார்கள். அவர்களில் இருவரை அழைத்து வந்து மேற்பார்வை செய்யச் சொல்லுங்கள். இளைஞர் கழகங்கள் இவர்களைப் பெரும்பாலும் பொன்னாடை போர்த்துவதற்கு மட்டுமே அழைக்கின்றன என்பது எனக்குள்ள பழைய வருத்தம்.

அரித்துப்போன இரண்டு இடங்களில் மண் கொட்டி நிரப்புவது வீண் வேலை. வளைவின் வெளிப்புறக் கரையை ஆறு தொடர்ந்து தின்னும் என்பதால், அங்கே பாதையைச் சற்று மேலே ஏற்றிப் புதிதாக வெட்டுவதே சரி. மலையின் சரிவு நூற்றுக்கு இருபது என்றால் பாதையின் ஏற்றம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நீர் மறுபடியும் பாதையோடு ஓடத் தொடங்கும். கைவிட்ட பழைய பாதைத் துண்டில் வெட்டிவேரை நெருக்கமாக நட்டு, ஆட்கள் நுழையாதபடி முட்கிளைகளைப் போட்டுவிடுங்கள்.

பாதை யாருடைய நிலத்தில் போகிறது என்பதையும் முதலிலேயே கேட்டறியுங்கள். 1992 முதல் பெருந்தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் இருப்பதால் தோட்ட முகாமையாளரின் எழுத்து அனுமதி தேவை. காட்டுப் பகுதி குறுக்கிட்டால் வனத் திணைக்களம், ஆற்றங்கரை ஒதுக்கு நிலத்துக்குப் பிரதேச செயலகம். கிராம உத்தியோகத்தரைச் சந்தித்தால் எந்தப் பகுதி எவருடையது என்று அவர் வழிகாட்டுவார்.

கேள்வி: அதே வேலைக்கு உயர்தர மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா? எந்த மாதம் பாதுகாப்பானது?
- ஆசிரியை ஒருவர், லிந்துலை

பதில்: சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் பெற்றோரின் சம்மதத்தோடு, நாற்று நடுவதற்கும் சிறு கற்கள் சுமப்பதற்கும் மட்டும். அலவாங்கு பழகிய கைகளுக்கே உரியது. உங்கள் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை நீடிப்பதால், ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே மண் வேலைக்கு ஏற்றது. வெட்டிவேரை மட்டும் மழை தொடங்கும் நேரத்தில் நடலாம்.

தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை இருப்பதை மறக்க வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே மலைகளில் மழை பெய்தால் வான்கதவுகள் திறக்கப்படலாம். அணைக்குக் கீழே வேலை செய்பவர்கள் நிர்வாகத்திடம் முன்கூட்டியே விசாரித்து, அபாய ஒலி கேட்டவுடன் எந்த மேட்டுக்கு ஏறுவது என்று காலையிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்திருந்தால், அல்லது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், சோற்றுப் பார்சல் வாங்கியாகிவிட்டது என்பதற்காகப் போகாதீர்கள்.

கேள்வி: நாங்கள் திருத்திய பாதை ஒரே வருடத்தில் பழையபடி ஆகிவிட்டது. எங்கே தவறினோம்?
- வாசகர் ஒருவர், ஹப்புத்தளை

பதில்: கான் வெட்டினீர்கள், அதற்குப் பிறகு கான் வாரினீர்களா? இலையும் மண்ணும் அடைத்த கான், வெட்டாத கானை விட மோசமானது. தண்ணீரை ஓரிடத்தில் சேர்த்துப் பாதையின் மேல் ஒரேயடியாக விடும். ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதையின் பெரும்பகுதி, தேயிலை கொண்டுபோக அமைத்த பழைய பாதைகள்தான். மண்வெட்டியோடு சுற்றிவர ஆள் இருந்ததால்தான் அப்படிப்பட்ட பாதைகள் நின்றன. உங்கள் பகுதிக்கு வடகீழ்ப் பருவமழையே முக்கியம் என்பதால், செப்டெம்பர் இறுதியில் ஒரு தடவையும் பெப்ரவரி கழிந்ததும் ஒரு தடவையும் நான்கு பேர் அரை நாள் போனால் போதும். அதற்குப் பதாகையும் பிரதம விருந்தினரும் தேவையில்லை.