நடையும் மாத்திரையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 41. ஒன்றரை வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். முன்பை விடப் பரவாயில்லை, ஆனாலும் லீவு நாளில் பாயை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. போன வாரம் என் மச்சான் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினார். உடற்பயிற்சி செய்தால் உடம்பிலேயே ஒரு ஹார்மோன் சுரந்து மனச்சோர்வைப் போக்கிவிடுமாம், மாத்திரையே தேவையில்லையாம். "எழுந்து நடந்தாலே சரியாகிவிடும், நீதான் சோம்பேறியாகப் படுத்துக் கிடக்கிறாய்" என்று வீட்டிலும் சொல்கிறார்கள். நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து குற்றவுணர்வு இன்னும் அதிகமாகிவிட்டது. இது உண்மைதானா? மாத்திரையை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பிக்கலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மாத்திரை. நிறுத்தாதீர்கள். இந்த மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் வரலாம், போன நோயும் திரும்பி வரலாம். குறைப்பதாக இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். நான் டாக்டர் இல்லை. இந்த நோயில் கிடந்து எழுந்தவன், அதைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறவன், அவ்வளவுதான்.

ஹார்மோன் விஷயம் பொய் இல்லை. உங்கள் மச்சான் அனுப்பிய செய்தி அனேகமாக அடிப்போநெக்டின் பற்றியதாக இருக்கும். இது கொழுப்புச் செல்களில் சுரப்பது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டுப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். ஓடிய எலிகளுக்கு மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் புது நரம்புச் செல்கள் அதிகம் உருவாயின, சோர்வுக்கான அறிகுறிகளும் குறைந்தன. அந்த ஹார்மோனே சுரக்காத எலிகளுக்கு ஓட்டத்தால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆக, ஓட்டத்தின் நன்மையை மூளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. ஆனால் இது எலியில் பார்த்தது. மாத்திரை வேண்டாம் என்று அந்த ஆய்வில் யாரும் சொல்லவில்லை, வழியில் ஃபார்வர்டு பண்ணிய யாரோ ஒருவர் சேர்த்திருக்கிறார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதே வருடம் ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனம் கண்டுபிடித்தது. நீங்கள் தோல் தொழிலில் இருப்பதால் உங்களுக்குச் சட்டென்று புரியும். மன அழுத்தம் நீடித்தால் உடம்பில் கைனுரினின் என்ற பொருள் கூடுகிறது, அது ரத்தம் வழியாக மூளைக்குள் போய்க் கெடுதல் செய்கிறது. பயிற்சி பெற்ற தசையில் இருக்கும் நொதிகள் இந்தக் கைனுரினினைப் பிடித்து, மூளைக்குள் நுழைய முடியாத வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு பாலாற்றுக்குப் போகுமுன் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும் இல்லையா, அந்த வேலையை இங்கே உங்கள் தொடையும் கெண்டைக்காலும் செய்கின்றன. இதுவும் பெரும்பாலும் எலியில் பார்த்ததுதான், ஆனாலும் இதைப் படித்த நாளிலிருந்து மாடிப்படி ஏறும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வருகிறது.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயது தாண்டிய 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, ஒரு பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தன. மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆரம்பத்தில் சீக்கிரம் தேறினார்கள். 1999இல் வந்த ஆய்வு இது, பயிற்சிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் ஒன்றை யாரும் சொல்வதில்லை. அவர்கள் தனியாகப் பயிற்சி செய்யவில்லை. வாரம் மூன்று நாள் ஓர் இடத்தில் கூடி, ஆள் மேற்பார்வையில் செய்தார்கள். அவர்களை வரவேற்க ஒருவர் அங்கே இருந்தார்.

இதைத்தான் உங்கள் வீட்டாரிடம் சொல்ல விரும்புகிறேன். எழுந்திருக்க முடியாததுதான் இந்த நோயே. கால் உடைந்தவனைப் பார்த்து நடந்தால் கால் சரியாகும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? பிறகு ஒரு கட்டத்தில் அவனும் நடக்கத்தான் வேண்டும், ஆனால் தோள் கொடுக்க ஆள் வேண்டும்.

அப்பா போன பிறகு எட்டு மாதம் நான் அப்படிக் கிடந்தேன். நடக்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள், ஒருத்தரும் கூட வரவில்லை. அப்புறம் அத்தை வந்தார். வேலூர் வேலப்பாடியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தவர். அவர் நடக்கவே சொல்லவில்லை. "டேய், பால் வாங்கணும், பையத் தூக்க ஆள் இல்ல, வா" என்றார். தெருமுனை வரைதான். மறுநாளும் அதே பால். மூன்றாம் நாள் நான் வரவில்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன், அவர் ஒன்றும் சொல்லாமல் போனார், நாலாம் நாள் மறுபடி வந்து நின்றார். இரண்டு மாதத்தில் கோட்டை வரை போக ஆரம்பித்தோம். அகழியோரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். அந்த நாட்களில் மாத்திரையும் சாப்பிட்டேன், 14 மாதம். எது என்னைத் தூக்கிவிட்டது என்று பிரித்துச் சொல்ல மாட்டேன், அத்தை, நடை, மாத்திரை மூன்றும்தான்.

வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குகிற வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நம் ஊரிலேயே இருக்கிற இந்த விஷயத்தை நாம் கவனிக்காமல் வாட்ஸப்பில் தேடுகிறோம்.

சரி, உங்களுக்கு. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நடக்க ஆரம்பிப்பதாகச் சொல்லுங்கள். தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள், இவையும் ஆளைப் படுக்கப் போடும். நம் ஊர் வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். (இதைப் படிக்கிறவர்களில் லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், வியர்வையில் உடம்பு வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும்.) முதல் வாரம் தெருமுனை போதும். போகாத நாளைக் கணக்கில் எழுதாதீர்கள்.

மனம் மிகவும் இருட்டினால், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், எந்த நேரமும் 14416க்குக் கூப்பிடுங்கள், அரசின் இலவச எண், தமிழில் பேசலாம்.

உங்கள் மச்சானிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அந்தச் செய்தியை அக்கறையோடுதான் அனுப்பியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சரைக்கு அவரை உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கச் சொல்லுங்கள். டீ குடிக்கப் போகலாம் என்று கூப்பிட்டால் போதும்.